தூக்குப்போசியில் இரண்டு பிஸ்கட்

நோய்த்தொற்றுக் காலத்தில் முதியோர் இல்லத்துக்குள் யாரையும் விடவில்லை. மறதி முற்றிய கணவருக்குத் தெய்வாத்தாள் தினமும் சோறாக்கிக் கொண்டுவந்து வாசலில் கொடுத்தாள். காலியாகத் திரும்ப வேண்டிய தூக்குப்போசியில் எப்போதும் இரண்டு பிஸ்கட் கிடந்தன. தனக்கென்று வைத்ததா, தவறி விழுந்ததா, ஒன்றும் புரியவில்லை.

இன்று வாசலுக்கு வந்த நர்ஸிடம் கேட்டாள்.

“பக்கத்தூட்டுப் போசியாமுங்க. வெறும் போசியத் திருப்பிக் குடுக்கக்கூடாதுன்னு ஐயாதான் போடறாருங்க.”

“நாந்தான் கொண்டாரேன்னு சொல்லுலயா கண்ணு?”

“சொன்னனுங்கம்மா. ‘எங்கூட்டுக்காரி ஊருக்குப் போயிருக்கறா. வந்ததும் அவிங்களுக்கு நல்லா ஆக்கிக் குடுத்துடச் சொல்றேன்’னாருங்க.”

தெய்வாத்தாள் போசியை மூடினாள். மறுபடி திறந்து பிஸ்கட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவ எப்ப வர்றாளாமா?” என்று கேட்டாள்.