ஒரே ஒரு சார்ஜர்

கிரேனின் கழுத்தில் ஒரு கிழட்டு வாக்கி-டாக்கி தொங்கியது. கீழே நிற்கும் சின்ன வாக்கி-டாக்கி “நிறுத்து” என்று சொல்லும்வரை கிரேன் மூட்டையை இறக்கிக்கொண்டே இருக்கும். அங்கே இருந்தது ஒரே சார்ஜர். நேற்று அதில் சின்னது முந்திக்கொண்டு உட்கார்ந்ததைக் கிழம் மறக்கவில்லை.

“யாருடைய இடத்தில்டா உட்கார்ந்தாய்?” என்று தன் பட்டனை அழுத்தியபடியே மூச்சுவிடாமல் திட்டியது. பட்டன் அழுந்தியிருக்கும்வரை எதிர்க்குரல் கேட்காது. மூட்டை இறங்கியது. தடால்!

கிழம் அப்போதுதான் பட்டனை விட்டது. அதுவரை கீழே கத்திக்கொண்டிருந்த சின்னதின் குரல் காதில் விழுந்தது.

“நிறுத்து, தாத்தா! அடியில் நம்ம சார்ஜர்!”

“அடப்பாவி, முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“நீங்க விட்டால்தானே!”

அன்று இரண்டும் பட்டினி. ஆனாலும் கிழத்துக்கு ஒரு திருப்தி: இனி அந்த இடத்தில் சின்னதும் உட்கார முடியாது.