தேவாவின் உச்சம்

மரக்காணம் உப்பளத்தில் டீ வந்த பிறகும் கலியமூர்த்தியும் ஆரோக்கியராஜும் வாக்குவாதத்தை விடவில்லை.

"பாக்ஸர் தேவா உச்சத்துல இருந்தது 2011லதான். அவன் குத்து அப்போ இடி மாதிரி இறங்கும்" என்றார் கலியமூர்த்தி.

"போப்பா. 2014ல பார்த்திருக்கணும் நீ. எதிர்ல நின்னவன் எவனும் ரெண்டாவது ரவுண்டைத் தாண்டல" என்றார் ஆரோக்கியராஜ்.

ஏழு வருஷம் மாவட்ட சாம்பியனாக இருந்த தேவா இப்போது உப்பு லாரி ஓட்டுகிறான். லோடு ஏற்ற வந்த அவனிடமே கேட்டுவிட்டார்கள்.

"2008தாண்ணா" என்றான் தேவா, யோசிக்காமல். "2011ல முட்டி வலி, நிக்கவே முடியல. 2014ல காய்ச்சலோட ரிங்ல ஏறினேன். எப்படியோ ஜெயிச்சிட்டேன்."

அவன் போனதும் இருவர் முகமும் தொங்கிப்போனது.

"இதுக்கு ஏன் ரெண்டு பேரும் இப்படி ஆயிட்டாங்க?" என்று கேட்டாள், புதிதாக வேலைக்கு வந்த கலைமதி.

பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த அமராவதி சிரித்தாள். "2011 ஃபைனல்ல தேவாகிட்ட அடி வாங்கி மயங்கி விழுந்தது கலியமூர்த்தி அண்ணன். 2014ல இவரு."

கலியமூர்த்தி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஆரோக்கியராஜைப் பார்த்தார். "பாக்ஸிங்கைப் பத்தி அவனுக்கு என்னப்பா தெரியும்?"

"அதானே" என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டார் ஆரோக்கியராஜ்.