குடைத்துணிப் பந்தல்

“இடது பக்கம்! இன்னும் கொஞ்சம் இடது! சொன்னா கேக்கவே மாட்டீங்களா?”

பஞ்சு பஞ்சாகப் பனி இறங்கிக்கொண்டிருந்த ஏரிக்கரையில், அந்தக் குரல் மட்டும் முள்ளாகக் குத்தியது.

பல் டாக்டர் தம் கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

பக்கத்தில் ஒரு ஜீப். அதன் கூரைமேல் கூடாரம் விரிந்திருந்தது. கூடாரத்தின் விளிம்பிலிருந்து தரையை நோக்கிச் சாய்வாக ஒரு பந்தல் கட்டிக்கொண்டிருந்தார், தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர். கடையில் வாங்கிய பந்தல் அன்று; பழைய குடைகளைப் பிரித்துக் கையால் தைத்தது. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாய், காற்று வரும்போதெல்லாம் ஏரிக்குப் பறந்துவிடப் பார்த்தது.

அவர் மனைவியோ மடக்கு நாற்காலியில், கைகளை மடியில் கோத்தபடி மகாராணி போல் அமர்ந்திருந்தார்.

“முளை சாஞ்சிருக்கு. பிடுங்கி மறுபடி அடிங்க. சூரியன் இறங்கறதுக்குள்ள முடிக்க வேண்டாமா?”

பெரியவர் பிடுங்கி, மறுபடி அடித்தார்.

“பாவம் அந்த மனுஷன்!” என்றார் டாக்டர். “காலையில வண்டியையும் அந்தம்மாதான் ஓட்டிட்டு வந்தாங்க. ஸ்டியரிங்கைத் தொடக்கூட அவருக்கு உரிமை இல்லை போல.”

“அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றாள் டாக்டரின் மனைவி. “ஏரியைப் பாருங்க. தங்கத்தைக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு.”

“ஏரி எங்கே ஓடிடப் போகுது? துணியைப் பாரேன், மூலைக்கு ஒரு பொத்தான், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை. ஒழுங்கா ஒரு பொத்தான் வாங்கிக் குடுக்கக்கூட அந்தம்மாவுக்கு மனசு வரலை!”

அந்த நேரம், மேல் விளிம்பைக் கட்ட ஜீப்பின் ஏணியில் ஏறிய பெரியவர் கால் வழுக்கி, ஒரு கையில் தொங்கினார்.

அப்போதும் அந்த அம்மாள் எழவில்லை. “வலது காலை மேல வைங்க. படி அங்கதான் இருக்கு” என்றார், அவ்வளவுதான்.

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய், இறங்கி நின்ற பெரியவரின் கையிலிருந்த கயிற்றைப் பற்றினார்.

“தொடாதீங்க!” அந்த அம்மாள் சீறினார். “அவரே கட்டட்டும்.”

“நீங்கதான் உதவலை. உதவ வந்தவனையும் தடுத்தா எப்படிம்மா?”

“விடுங்க தம்பி, இதோ முடிஞ்சுது” என்று சிரித்தார் பெரியவர். கடைசி மூலையின் பொத்தானை விரலால் ஒருமுறை வருடிவிட்டு, முடிச்சை இறுக்கினார். பந்தல் விறைத்து நின்றது. அதன் வண்ணங்கள் புல்லில் விழுந்து மிதந்தன.

அவர் அதன் கீழே உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். “சரி, இப்ப சொல்லு.”

நாள் முழுக்கச் சாட்டையாய்ச் சுழன்ற குரல் தாலாட்டுப் போலத் தாழ்ந்தது. “கரையோரம் தண்ணி ஆரஞ்சு நிறமா இருக்குங்க. தள்ளிப் போகப் போக ஊதா. ரெண்டு பறவை போகுது. ஒண்ணு முந்திக்கிட்டு, மத்ததுக்காகக் காத்திருக்கு…”

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. “ஏரி எதிர்லயே இருக்கே சார்! அதைப் பார்க்கறதுக்கும் அம்மா உத்தரவு வேணுமா?”

பெரியவர் குரல் வந்த திக்கில் திரும்பினார். அவர் பார்வை டாக்டரின் தோளைத் தாண்டி, ஒரு மரத்தில் போய் நின்றது.

“கண்ணு போனப்புறம் இதுதான் முதல் பயணம் தம்பி. பந்தலை நானே தைச்சேன், நானேதான் கட்டணும்னு ஆசை. மூலைக்கு ஒரு தினுசுப் பொத்தான் வச்சா தடவிப் பார்த்துக்கலாமில்லையா? விழுந்தாலும் நீ கை குடுக்கக் கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன். எனக்கென்ன, வேலையில பொழுது ஓடிடுச்சு. பாவம், இவதான்…”

கோத்த கைகளை அந்த அம்மாள் அப்போதுதான் பிரித்தார். இரண்டு புறங்கைகளிலும் நகம் பதிந்து, ரத்தம் கட்டியிருந்தது.