கெட வேண்டிய பால்

டம்ளரைச் சாய்த்தாள்.

பால் ஓடியது.

பக்கத்து டம்ளரைச் சாய்த்தாள். அது அசையவில்லை. ஓரத்தில் மட்டும் மெல்லிய விரிசல் விட்டு, பச்சை கலந்த தண்ணீர் ஒரு கோடாகத் தெரிந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் புளிப்பு வந்து மோதியது.

அது கறுப்பி மாட்டின் பால்.

ஓடியது செவலையின் பால்.

இரண்டும் இன்று காலை கறந்தவை. ஒரே அளவு டம்ளர். ஒரே ஜன்னல். ஒரே வைகாசி வெக்கை. வித்தியாசம் ஒன்றுதான். செவலைக்கு மடிநோய் வந்து, மூன்று நாள் ஊசி போட்டிருந்தார்கள்.

கடைசி ஊசி வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

"அதுலிருந்து மூணு நாளைக்கு இந்தப் பால ஊத்தாதீங்கம்மா," என்றிருந்தார் மாட்டு டாக்டர். "காய்ச்சுனாலும் மருந்து போகாது. சில கொழந்தைங்களுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சுப் போயிரும். அட, தயிரு கூட ஒறையாதுங்க."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். வெள்ளி, சனி, ஞாயிறு.

காரியத்துக்கு நாள் எண்ணுவதுபோல், நடந்த நாளையே ஒன்று என்று வைத்துவிட்டாள். அவர்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் எண்ணுவார்கள்.

திங்கட்கிழமை காலை இரண்டு மாட்டுப் பாலையும் பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்தாள்.

ஒன்பது மணிக்கு டாக்டர் போன் செய்தார்.

"இன்னிக்குச் சாயந்திரத்துல இருந்து ஊத்தலாமுங்கம்மா."

சாயந்திரத்தில் இருந்து.

அதற்குள் வண்டி கேன்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. எந்த ஊரில், எந்த வீட்டில், எந்தப் பிள்ளை குடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

செவலைக்கு நோய் வந்ததிலிருந்து தனித்தனிச் சொம்பில்தான் கறந்தாள். இரண்டிலும் வீட்டுக்கென்று கொஞ்சம் மீதி இருந்தது. அதைத்தான் இரண்டு டம்ளரில் ஊற்றி ஜன்னலில் வைத்தாள்.

பால் எப்படிப் புளிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். புளிப்பை யாரும் கொண்டுவந்து ஊற்றுவதில்லை. மாட்டின் காம்பிலும், கறக்கிற கையிலும், சொம்பின் விளிம்பிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. பாலோடு சேர்ந்து இறங்குகின்றன. பாலிலுள்ள இனிப்பைத் தின்கின்றன. தின்றதைப் புளிப்பாக விடுகின்றன. புளிப்பு ஏற ஏற, பால் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது.

மருந்து அந்த உயிர்களையும் கொல்லும். மருந்து இருந்தால் பால் புளிக்காது.

அதனால்தான் பாலைக் காய்ச்சவில்லை. காய்ச்சினால் தீயே அவற்றைக் கொன்றுவிடும். உறையும் ஊற்றவில்லை. உறைமோரில் இருப்பது பெரும்படை. கொஞ்சநஞ்ச மருந்தை அது சமாளித்துவிடலாம். பச்சைப் பால் தானாகப் புளிக்கட்டும். அதுதான் பொய் சொல்லாது.

இது டாக்டர் சொன்ன வழி இல்லை. அவளே யோசித்து வைத்துக்கொண்டது.

இருபது வருடமாகப் பால் கெட்டுவிடக் கூடாதே என்று பயந்தவள். சொம்பை வெந்நீர் விட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைப்பவள்.

இன்று ஒரு டம்ளரைப் பார்த்து, கெட்டுப்போ, கெட்டுப்போ என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, அதையே பாத்துட்டு உக்காந்திருக்கற?" என்றான் கணவன். "அதென்ன, டிவியா?"

அவள் சிரிக்கவில்லை. சாயங்காலம் கறந்ததில் கறுப்பியின் பாலை மட்டும் கேனில் ஊற்றி அவனிடம் கொடுத்தனுப்பினாள். சொசைட்டிச் செயலாளர் முகத்தைப் பார்க்க அவளால் முடியாது. செவலையின் பாலைத் தென்னைமரத்தடியில் கொட்டினாள்.

விளக்கு வைக்கும்போது சாய்த்தாள்.

ஓடியது.

படுக்கப் போகும்போது சாய்த்தாள்.

ஓடியது. ஆனால் உள்சுவரில் ஏதோ படலம் ஒட்டி நின்றது. அது வெறும் பாலாடையாகவும் இருக்கலாம்.

விடிகாலையில் கட்டுத்தறிக்குப் போகாமல் நேரே ஜன்னலுக்குப் போனாள்.

மூக்குதான் முதலில் சொன்னது.

சாய்த்தாள். அசையவில்லை. இன்னும் சாய்த்தாள். ஒரே கட்டியாக, சோம்பலாக, சுவரை விட்டு நகர்ந்தது. விரிசலில் பச்சை கலந்த தண்ணீர் ஊறியது.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பல் கூசியது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேற்று ஒன்பது மணியிலிருந்து தோள் இரண்டையும் இறுக்கியே வைத்திருந்தாள் என்பது, அவை தளர்ந்தபோதுதான் தெரிந்தது.

"பாலு கெட்டுருச்சா?" என்று கேட்டுக்கொண்டே கணவன் எழுந்து வந்தான்.

"ஆமாங்க. நல்லாக் கெட்டுருச்சுங்க."

சொல்லும்போதே சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இப்போது எது கறுப்பியுடையது, எது செவலையுடையது என்று அடையாளம் தெரியவில்லை.

ஆனால் செவலையுடையது பல மணி நேரம் தாமதம். வைகாசி வெக்கையில் பால் அவ்வளவு நேரம் தாங்காது. ஏன் தாங்கியது என்பதை டம்ளர் சொல்லவில்லை.

சொசைட்டி வரிசையில் நின்றபோது அவள் வலது கையில் கேன் இருந்தது. இடது கையில், கிண்ணத்தால் மூடிய செவலையின் டம்ளர்.

முன்னால் நின்ற துளசிமணி திரும்பி மூக்கைச் சுருக்கினாள்.

"ஏனக்கா, சொசைட்டில இப்பத் திரிஞ்ச பாலும் எடுக்கறாங்களாக்கும்?"

"ஊத்தறதுக்கு இல்ல கண்ணு," என்றாள். "செயலாளருகிட்டக் காட்டறதுக்கு."

வரிசை நகர்ந்தது.