முரட்டுச் சோதனை

“இது போதாது. முரட்டுச் சோதனையும் வைக்கணும்” என்றார் தூர்கெல்.

வாஃபிள் தட்டோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள்.

இங்குனுக்கு முகம் சிவந்துவிட்டது. “அதான் ரெண்டு பிரிப்பானும் தேறிடுச்சே. முரட்டுச் சோதனை திட்டத்துலயே இல்லையே.”

“இல்லைதான். சேர்க்கச் சொல்றேன். கடலுக்கு அடியில இருக்கிற எண்ணெய்க் கிணறு உங்க திட்டத்தைப் படிச்சுட்டா பொங்கும்?”

டிரான்ட்ஹைம் நகரத்தில் அந்த ஆய்வுக்கூடம் முழுக்கக் குழாய்கள்தான். தரையில் வளைந்து ஓடி, நாலு மாடிக் கோபுரத்தில் ஏறி இறங்கும் கண்ணாடி மாதிரியான குழாய்கள். உள்ளே காற்றையும் தண்ணீரையும் கலந்து விரட்டுவார்கள். அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கும் பிரிப்பானை முனையில் மாட்டிப் பார்ப்பார்கள். இங்கே தேறினால்தான் கடல் நடுவே இருக்கும் எண்ணெய் மேடைக்குப் போக முடியும். அன்று ஒரே ஆர்டருக்குப் போட்டியிட்டவை இரண்டு: இங்குனுடையதும் தூர்கெலுடையதும்.

இங்குன் பல வருஷம் ஒரு பெரிய கம்பெனியில் தூர்கெலுக்குக் கீழேதான் வேலை பார்த்தாள். அவரை விட்டுப் பிரிந்து, சிநேகிதிகளோடு சேர்ந்து சின்னதாக ஒரு கம்பெனி தொடங்கியபோது, “ஒரு குளிர்காலம் தாண்ட மாட்டே” என்றார். அது இந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். இந்த ஆர்டர் போனால் அவர் வாக்கு பலித்துவிடும் என்பதும் தெரியும்.

எண்ணெய்க் கம்பெனிக்காகப் பிரிப்பான் வாங்க வந்திருந்த ஐவிண்ட் தோளைக் குலுக்கினார். “கூடுதலாப் பார்த்தா எங்களுக்கு நல்லதுதான். இங்குனுக்குச் சம்மதமா?”

கூடத்தின் தலைவி மாரித் அவளை ஓரமாக இழுத்தாள். “முடியாதுன்னு சொல்லு. அந்தாள் பழி தீர்க்கப் பார்க்கிறார்.”

“சொன்னா, பயந்துட்டேன்னு ஐவிண்ட் நினைப்பார்.”

“உடைஞ்சா?”

“உடைஞ்சா உடையட்டும். பம்பைப் போடு, மாரித்.”

முரட்டுச் சோதனை என்றால், தண்ணீர் சீராக வராது. காற்று சேர்ந்து அடைத்து, பின்னாலிருந்து மொத்தை மொத்தையாகத் தண்ணீரைத் தூக்கி எறியும்.

முதல் மொத்தை கிளம்பியது. தூரத்தில் ரயில் வருகிற மாதிரி சத்தம். கோபுரத்தில் ஏறியது, வெள்ளையாக நுரைத்துக்கொண்டு திரும்பியது, இங்குனின் பிரிப்பானில் போய் மோதியது. மேஜையில் காபிக் கோப்பைகள் கிணுகிணுத்தன.

எல்லார் கண்ணும் மேலே போகும் காற்றுக் குழாயில் இருந்தது. அதில் தண்ணீர் தெரிந்தால் தோல்வி.

தெரியவில்லை.

“இன்னும் ஏத்து” என்றார் தூர்கெல்.

மாரித் முறைத்தபடியே ஏற்றினாள். அடுத்த மொத்தை. அதற்கடுத்தது. கைப்பிடிக் கம்பிகள் அதிர்ந்தன.

“இன்னும்.”

“மனுஷனா நீ?” என்றாள் மாரித்.

பம்பின் உச்சத்துக்கே போனார்கள். தடதடவென்று அடி மேல் அடி. காற்றுக் குழாய் பாலைவனம் மாதிரி காய்ந்து கிடந்தது.

யாரோ கை தட்டினார்கள். உடனே கூடமே தட்டியது. இங்குன் மாரித்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஐவிண்ட்கூட நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“அடுத்து என்னோடது” என்றார் தூர்கெல். “எல்லாரும் இந்தத் தடுப்புக்குப் பின்னாடி வந்துடுங்க.”

“உங்களோடதுக்கு மட்டும் தனி மரியாதையோ?” என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது. ஆனாலும் போய் நின்றார்கள்.

முதல் மொத்தையைத் தாங்கியது. அடுத்ததில் லேசாக முனகியது. அதற்கடுத்ததில் படீரென்று ஒரு சத்தம். பிரிப்பான் நெடுக்குவாட்டில் பிளந்து, தண்ணீர் தடுப்பு முழுக்க வந்து அறைந்தது.

மாரித் பம்பை நிறுத்தினாள். “அடுத்தவளுக்கு வெட்டின குழி” என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

தூர்கெல் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஐவிண்ட் அவரைத் தாண்டிப் போய் இங்குனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கொஞ்ச நேரம் கழித்து இங்குன் வெளியே வந்தபோது, தூர்கெல் உடைந்த துண்டுகளைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையாவது கேட்காமல் விட அவளுக்கு மனசில்லை.

“என்னோடது உடையும்னு ரொம்ப ஆசைப்பட்டீங்க, இல்ல?”

“உன்னோடது தாங்குமான்னு எனக்குத் தெரியாது” என்றார் அவர், துண்டுகளை அடுக்கியபடியே. “என்னோடது தாங்காதுன்னு தெரியும். போன வாரம் எங்க பட்டறையில இதே மாதிரி அடிச்சுப் பார்த்தேன். இதே இடத்துல பிளந்துச்சு.”

இங்குனுக்குப் புரியவில்லை. “அப்புறம் ஏன் கொண்டு வந்தீங்க?”

“முதலாளிங்க கொண்டு வரச் சொன்னாங்க. முரட்டுச் சோதனைதான் திட்டத்துலயே இல்லையே, வாயை மூடிக்கிட்டுப் போய்ட்டு வான்னாங்க.”

“அதை நீங்களே கேட்டு வாங்கி, எல்லார் முன்னாடியும் தோத்து… காலையில ரெண்டும் தேறினதோட பேசாம இருந்திருக்கலாமே.”

தூர்கெல் வேன் கதவைச் சாத்தினார்.

“ரெண்டும் தேறினா ஐவிண்ட் விலை குறைஞ்சதைத்தான் வாங்குவார், இங்குன். என்னோடதுதான் விலை குறைவு.”