ஆறு மணி நேரக் கறி

வாஷிங் மெஷின் மேல் அந்தப் பாத்திரத்தைப் பார்த்ததும் சமையல்கார அக்காவுக்குக் காலையில் வைத்தது நினைவு வந்தது.

மூடியைத் திறந்தாள். தயிர், பூண்டு, மிளகாய்த் தூள், எலுமிச்சைச் சாறு எல்லாம் போட்டு நேற்றே பிசறி ஊற வைத்த கோழிக்கறி. நாலு கிலோ. "அக்கா, கேக்கை உள்ளே வைக்கணும். கறியைக் கொஞ்ச நேரம் வெளியே எடுங்க" என்று வீட்டம்மா சொல்ல, காலை பத்து மணிக்கு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இங்கே வைத்தது. அப்புறம் பூண்டு உரி, தட்டைத் துடை, நாற்காலியைப் போடு என்று ஆயிரம் வேலை. இதோ, மணி நாலு.

தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது.

மோந்து பார்த்தாள். பூண்டு வாசனைதான் தூக்கலாக வந்தது. கெட்டுப்போனதா இல்லையா, மூக்குக்குப் பிடிபடவில்லை.

வேறு வீடாக இருந்தால், 'ஐயோ மறந்துட்டேன்மா' என்று தலையைச் சொறிந்திருப்பாள். இந்த வீட்டு ஐயா உணவுப் பாதுகாப்பு அதிகாரி. போன வாரம்தான் கறியை வெளியே வைத்து விற்ற கடை ஒன்றுக்குப் பூட்டுப் போட்டார். பேப்பரில் வந்த அந்தப் படம் அதற்குள் சட்டம் போட்டு ஹாலில் தொங்குகிறது. முன்பிருந்த சமையல்காரம்மாவை, கைப்பிடித் துணி நாறுகிறது என்ற ஒரே காரணத்துக்காக நின்ற நிலையில் அனுப்பியவர்.

மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எட்டு மாதம் அலைந்து கிடைத்த வேலை இது.

கதவைச் சாத்திவிட்டுக் கறி கோக்கும் கம்பிகளை எடுத்தாள். ஒரு துண்டு கறி, ஒரு துண்டு வெங்காயம், ஒரு துண்டு குடைமிளகாய். அவசரத்தில் கம்பி கட்டைவிரலைப் பதம் பார்த்தது.

'நெருப்புல போட்டா எல்லாம் சரியாயிடும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாவது தடவை சொன்னபோது அவளுக்கே நம்பிக்கையில்லை.

ஜன்னலுக்கு வெளியே, வீட்டுப் பின்புறத்தில், ஐயா கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார். சுற்றிலும் விருந்தாளிகள்.

"ஒரு கடையையும் விடமாட்டேங்கறீங்களே மச்சான், நாங்க எங்கேதான் போய் வாயை நனைக்கிறது?" என்று வம்பிழுத்தார் வீட்டம்மாவின் தம்பி.

"இங்கே வந்து நனை. தைரியமா நனை." ஐயா சிரிக்கவில்லை. "அந்தக் கடைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? நல்லா சுட்டுத்தான் சார் குடுத்தேன்கிறான். சூட்டுல கிருமி சாகும்டா, அது கக்கி வெச்ச விஷம் போகுமா? அஞ்சு பிள்ளைங்க டிரிப்ஸ் ஏத்திக்கிட்டுக் கிடந்துச்சு. பார்த்த எனக்கே பதறுது, பெத்தவங்களுக்கு எப்படி இருக்கும்?"

கோத்த கம்பி அவள் கையிலேயே நின்றது.

"அக்கா! முதல் கம்பி எனக்குத்தான்!"

கதவைத் தள்ளிக்கொண்டு ஐயாவின் செல்லப் பொண்ணு வந்து நின்றது. ஆறு வயசு. கையில் தட்டு தயாராக இருந்தது.

"நீ கேக் சாப்பிடு கண்ணு."

"போங்க! கேக்கெல்லாம் பாப்பாங்க சாப்பிடறது. எனக்குக் கறி. பெரிய துண்டு."

தட்டை நீட்டியபடி அண்ணாந்து பார்த்தது குழந்தை. முன்பல் இரண்டு விழுந்திருந்தது.

அவ்வளவுதான். கம்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். வேலை போகட்டும், இந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்?

"வாங்க வாங்க, நெருப்பு ரெடி!" என்றார் ஐயா.

"இதைச் சுடாதீங்க ஐயா."

ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

"காலையில பத்து மணிக்கு வெளியே எடுத்தது. திரும்ப உள்ளே வைக்க மறந்துட்டேன். தெரிஞ்சும் கோத்துட்டேன். தப்பு என்னுதுதான்."

யார் எடுக்கச் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. வீட்டம்மாவோ திடீரென்று செடிக்குத் தண்ணீர் போதுமா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

"ஆறு மணி நேரமா?" ஐயா விசிறியைக் கீழே வைத்தார். எழுந்தார். அவளை நோக்கி வந்தார்.

அவள் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளிடம் இன்று என்ன சொல்வது?

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" ஐயா விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். "இதுக்குப் பேருதான் நேர்மை. வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா யாருக்குத் தெரியும்? என் பொண்ணு உயிரைக் காப்பாத்தியிருக்காங்க." குரல் உடைந்தது. "ஏம்மா, வேலை போயிடும்னு பயந்தீங்களா? நான் இருக்கிறவரைக்கும் இந்தச் சமையல்கட்டு உங்களுதுதான், போங்க!"

யாரோ கைதட்டினார்கள். தம்பிக்காரர் புதுக் கறி வாங்க வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவளுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு தண்ணீர் வந்தது. இப்படியும் ஒரு மனுஷரா!

மூக்கை உறிஞ்சியபடி குப்பைத் தொட்டியைத் திறந்து, முதல் கம்பியிலிருந்து கறியை உருவப் போனாள்.

"ஐயையோ, கொட்டிடாதீங்கம்மா!" ஐயா பதறிக்கொண்டு வந்து அவள் கையைத் தடுத்தார். முகமெல்லாம் கனிவு. "நாலு கிலோ கறி! வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, உங்க பிள்ளைங்க ஆசையா சாப்பிடுவாங்க."