சாமி வீட்டுக் கெக்கோ

எல்லா உயிரும் ஒன்றே. மயில்சாமியின் பனியன் கம்பெனி வாசலில், கருப்புக் கிரானைட்டில், பொன்னிற எழுத்தில் இப்படித்தான் பொறித்திருக்கிறது.

அந்த உயிர்களில் ஒன்று அவர் வீட்டு ஹாலில், கண்ணாடிப் பெட்டிக்குள், அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

மயில்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு, இடுக்கியின் நுனியில் இருந்ததை அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டினார். கெக்கோ கண்ணை மூடிக்கொண்டது.

மகள் அனுப்ரியாவின் பிறந்தநாளுக்கென்று பெங்களூரில் வாங்கி வந்தது, உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி. கொஞ்ச நாளிலேயே மகளிடமிருந்து கம்பெனிக்கு மாறி, ஏற்றுமதி டி-ஷர்ட்டுகளின் நெஞ்சில் சின்னமாக ஏறிவிட்டது. அனுவுக்கு மிஞ்சியது பெட்டி துடைக்கிற வேலை.

மனைவி சித்ராதேவி அதைப் பல்லி என்பாள். ஒவ்வொரு தடவையும் மயில்சாமி, பல்லியில்லை, வெளிநாட்டுக் கெக்கோ என்று திருத்துவார்.

டி-ஷர்ட்டில் அதன் வால் கொழுகொழுவென்று இருக்கும். பெட்டிக்குள் இருந்த வாலோ நூல் ஓட ஓட மெலியும் கோன் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. சின்னத்திலும் வாலைக் கொஞ்சம் ஒல்லியாக்கிவிடலாமா என்று கேட்ட டிசைனருக்குச் சரியான வசவு கிடைத்தது.

தை மாதக் குளிர்தான் காரணம் என்றார் அதை விற்ற பெங்களூர்க்காரர். சூட்டு விளக்கு வந்தது. சாயப்பட்டறையிலிருந்து வெப்பமானி வந்தது. கண்பட்டிருக்கும் என்று மயில்சாமியின் அண்ணன் சொல்ல, பெட்டி மூலைக்கு ஒரு எலுமிச்சம்பழமும் வந்தது. கெக்கோ எதற்கும் வாயைத் திறக்கவில்லை.

எதிர்ச் சுவரில், டியூப்லைட்டுக்குப் பக்கத்தில், யாரும் காசு கொடுத்து வாங்காத பல்லி ஒன்று பூச்சி பூச்சியாகப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க மயில்சாமிக்கு எரிந்தது.

சாயங்காலம் காங்கேயத்திலிருந்து கால்நடை மருத்துவர் அருள்செல்வன் பைக்கில் வந்து இறங்கினார். காளை மாடுகளோடு பழகியவர். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். கெக்கோவின் அளவைப் பார்த்தார். மறுபடி பையிலேயே வைத்தார்.

"என்ன போடறீங்க சாமி இதுக்கு?"

பழனிக்கு மாலை போட்டதிலிருந்து எல்லோருக்கும் மயில்சாமி வெறும் சாமிதான். பச்சை வேட்டி, செருப்பில்லாத கால், நெற்றி நிறைய விபூதி. தைப்பூசத்துக்கு நடந்தே போகப்போகிறார். இன்று மதியம் பல்லடம் போய் வந்ததிலிருந்து சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டிருந்தார்.

அவர் மருத்துவரிடம் சூட்டு விளக்கின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தார். கேட்டதற்குப் பதில் சொன்னது அனுதான்.

மாலை போட்ட வீட்டில் கவுச்சி ஆகாது. கறி, முட்டை எல்லாம் நின்றுபோயிற்று. புழுவும் கவுச்சிதான் என்று மயில்சாமி தீர்ப்பு சொல்லி, உயிர்ப்புழு டப்பாவைக் கார் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார். பல்லிக்கு எதற்குங்க விரதம் என்று சித்ராதேவி கேட்டுப் பார்த்தாள். இந்த வீட்டில் இருக்கிற எல்லா உயிருக்கும் ஒரே சட்டம் என்றார். அனு திருட்டுத்தனமாகப் புழு போட்டுவிடுவாள் என்று பெட்டிக்குப் பூட்டும் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அதனால் கெக்கோவுக்குச் சந்தகை. அரிசிமாவை வேகவைத்து இழை இழையாகப் பிழிந்து, புழு நீளத்துக்கு நறுக்கி, இடுக்கியில் பிடித்து நெளிய விட்டால் தின்றுவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. புழுவின் நிறம் வரட்டும் என்று மஞ்சள்தூள்கூடச் சேர்த்துப் பார்த்தாயிற்று.

அருள்செல்வன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சரியானதும் நிமிர்ந்து, இது பூச்சி தின்கிற ஜீவன், இப்படியே விட்டால் தைப்பூசம் வரைக்கும் தாங்காது என்றார்.

அனுவின் கண் நிறைந்துவிட்டது. அப்பாவின் இடுப்பில் இருந்த சாவியையே பார்த்தாள்.

முருகனுக்குத் தெரியாததா என்றார் மயில்சாமி. இடுக்கிதான் அதற்குப் பிடிக்கவில்லை, விரத சுத்தமான கையால் ஊட்டினால் தின்னும் என்று சொல்லி, இடுக்கியை வீசிவிட்டு, ஒரு துண்டு சந்தகையை விரலால் எடுத்துப் பெட்டிக்குள் நீட்டினார்.

கெக்கோ கண்ணைத் திறந்தது.

தலையைத் தூக்கியது. நடந்து வந்தது. சந்தகையைத் தாண்டி வந்து, நாக்கை நீட்டி அவருடைய ஆட்காட்டி விரலை நக்கியது. அடுத்த விரலையும் நக்கியது. பிறகு கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது.

அனு கைதட்டினாள். மயில்சாமி, கை வலித்தாலும், எல்லோரையும் ஒருமுறை பெருமையாகச் சுற்றிப் பார்த்தார்.

அருள்செல்வன் காயம் பட்டிருக்கிறதா என்று விரலுக்குப் பக்கத்தில் குனிந்தார். மூக்கைச் சுருக்கினார். பையை மூட ஆரம்பித்தார்.

அதைப் பார்த்துச் சித்ராதேவியும் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் பார்வை விரலிலிருந்து கழுத்துப் பொத்தானுக்குப் போயிருந்தது.

"ஏனுங்க, மாலை எங்கீங்க?"

மயில்சாமி கையை இழுத்தார். கெக்கோ விடவில்லை.

சித்ராதேவி மகள் பக்கம் திரும்பினாள். "அனு, ஷெட்டுல இருக்கற புழு டப்பாவ எடுத்துட்டு வா கண்ணு."

ருத்திராட்ச மாலை காரின் டேஷ்போர்டுக்குள் இருந்தது. மதியம் பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிடும்போது கழற்றி வைத்தது.